லெட்சுமி இல்லாத வாரம்

1. சொந்த இடம் இல்லாத ஆள்

லைன் மூன்றில் ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்த லைனில் இருந்த லெட்சுமியின் வேலையை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியாது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மாசாய் ஊருக்குப் பக்கத்தில் மேசைக் காத்தாடி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே டைம் ஸ்டடி பார்த்தேன். ஸ்டாப்வாட்சோடு ஆப்பரேட்டர் பக்கத்தில் நின்று, மோட்டாரைப் பூட்ட எவ்வளவு நேரம், இறக்கையை மாட்ட எவ்வளவு நேரம் என்று அளந்து ஸ்டாண்டர்ட் டைம் போட வேண்டும். அதை வைத்துத்தான் எந்த லைனுக்கு எத்தனை பேர் என்று முடிவாகும்.

ஆளைக் குறைப்பதென்றால் முதலில் கண்ணில் படுவது லெட்சுமிதான்; அவருக்கு லைனில் சொந்த இடம் கிடையாது. அவர் ரிலீவர். யாராவது பாத்ரூம் போனால் அந்த இடத்தில் உட்காருவார். எங்காவது சாமான் தேங்கினால் போய்க் கை கொடுப்பார். திருகாணி தீரும் முன்னே பெட்டியை நிரப்பி வைப்பார். லாயாங் லாயாங் என்ற ஊரில் பிறந்தவர். லைனில் மலாய்ப் பெண்கள்கூட அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பின்னால் ஸ்டாப்வாட்சோடு சுற்றிப் பார்த்தேன். ஒரே வேலையை அவர் இரண்டு தடவை தொடர்ந்து செய்தால்தானே அளக்க முடியும்?

எங்கள் மேனேஜர் நாச்சியப்பன் சார் அப்போது வார இறுதிகளில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். வகுப்பில் கேட்டதை எங்களிடம் சொல்லிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். உழைப்பை அளப்பதில் இரண்டு கட்சி உண்டு என்றார். ஒரு பொருளுக்குள் எத்தனை நேர உழைப்பு போயிருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. என் ஸ்டாப்வாட்ச் ஏறக்குறைய அந்தக் கட்சி. ஒரு ஆளை எடுத்துவிட்டால் உற்பத்தி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது இன்னொன்று. குறைவது எவ்வளவோ, அதுதான் அந்த ஆளின் மதிப்பு.

“அடுத்த வாரம் லெட்சுமி லீவுதானே மிஸ் கோமதி? மக கல்யாணம். ஆள் போடாம லைனை ஓட்டிப் பாப்போம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்,” என்றார்.

எனக்கும் அது நியாயமான சோதனையாகத்தான் பட்டது. உற்பத்தி நன்றாகக் குறையும், லெட்சுமியின் வேலை தப்பிக்கும் என்று நம்பினேன்.

2. குறையவே இல்லை

திங்கட்கிழமை குறையவில்லை. செவ்வாயும் இல்லை. வெள்ளிக்கிழமை கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, லெட்சுமி இருந்த வாரத்துக்கும் இல்லாத வாரத்துக்கும் வித்தியாசமே இல்லை. பழுது என்று ரிஜெக்ட் ஆகும் காத்தாடிகூட ஏறவில்லை. சாரின் சூத்திரப்படி லெட்சுமியின் மதிப்பு பூஜ்யம்.

சாருக்கும் அது பிடிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை ரிப்போர்ட்டை அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதே லெட்சுமியின் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போயாக வேண்டும்.

3. கல்யாண மண்டபம்

லைன் மூன்று மொத்தமும் வேன் பிடித்து லாயாங் லாயாங்குக்கு வந்திருந்தது. லெட்சுமி பட்டுப்புடவையில் அங்குமிங்கும் ஓடி, எல்லார் இலையிலும் என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். லைனில் பார்ப்பது போலவே.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் லைன் லீடர் கக் சைத்தோன்; ‘கக்’ என்றால் மலாயில் அக்கா. அந்த வாரம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சும்மா கேட்டேன். அவர் பெருமையாக மலாயில் சொல்லிக்கொண்டே போனார். முன்பு ஒரு தடவை வேறு லைனில் உற்பத்தி விழுந்தபோது, லீவில் இருந்தவரை ஆபீஸ் போன் போட்டு வரச் சொல்லிவிட்டதாம். அக்காவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று இவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். தேநீர் பிரேக்கை எடுக்காமல் விட்டார்கள். தண்ணீரைக் குறைத்துக் குடித்தார்கள், பாத்ரூம் போகாமல் இருக்க. வேலை முடிந்தபின் நின்று மறுநாளுக்குத் திருகாணி நிரப்பினார்கள். ஒருத்திக்குக் கை வீங்கியே போயிற்று.

“அக்கா நிம்மதியா மகளைக் கட்டிக் குடுக்கணும்லா,” என்றார்.

எனக்கு அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. சோதனையைப் பற்றி அவரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். கக் சைத்தோன் கையில் எடுத்த பாயசத்தைக் கீழே வைத்தார்.

நான் பயந்தது வேறு ஒன்றுக்கும். உண்மையைச் சாரிடம் சொன்னால், அந்த வேகம் உங்களால் முடிகிறதே, இனி அதுதான் ஸ்டாண்டர்ட் என்று ஆபீஸ் சொல்லிவிட்டால்? லெட்சுமியைக் காப்பாற்றப் போய் எல்லார் முதுகிலும் சுமை ஏற்றியதாகிவிடும். அதையும் சொன்னேன். சாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் கக் சைத்தோன்.

4. மேனேஜர் ரூம்

திங்கட்கிழமை, பந்தியில் கேட்டதை நான் சொன்னதும் சார் முதலில் கேட்டது நான் பயந்ததைத்தான்.

“அப்ப அந்த ஸ்பீடு முடியும்தானே?”

“உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராத்திரி முழிச்சுப் பாத்துட்டு, காலையில நேரா வேலைக்கு வந்தீங்க சார். வருஷம் பூரா அப்படி வர முடியுமா?”

அவர் எழுந்து ஜன்னல் வழியாக லைனைப் பார்த்தார். லெட்சுமி வந்துவிட்டிருந்தார். யாரோ எழுந்து போக, அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

அந்த வாரக் கணக்கு செல்லாது என்று சாரே எழுதினார். ஏன் என்றும் எழுதினார். மேலிடத்தில் அதற்கு ஏச்சு வாங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்களிடம் அவர் சொல்லவில்லை. லைன் மூன்றில் ஆள் குறையவில்லை. ஸ்டாண்டர்ட் டைமும் மாறவில்லை.

லெட்சுமி கல்யாணப் பலகாரத்தோடு என் மேசைக்கு வந்தார். கக் சைத்தோன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போல.

“என் மேல உள்ள பாசத்துல என் வேலைக்கே வேட்டு வைக்கப் பாத்தாங்களா? கொஞ்சம் மெதுவாத்தான் செஞ்சிருக்கக் கூடாதா?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அளப்பதை விட்டுவிடாதீர்கள். அளக்காத இடத்தில் சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே நியாயமாகிவிடும். ஆனால் எண் கையில் வந்ததும், மேலே அனுப்பும் முன், லைனுக்குப் போய் அந்த வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அன்றைக்குப் பந்தியில் எனக்கு வேறு இடம் கிடைத்திருந்தால், திங்கட்கிழமை நான் அந்தப் பூஜ்யத்தை அனுப்பியிருப்பேன். கூட்டலில் ஒரு பிழையும் இருந்திருக்காது.