ஒன்றுமில்லை என்று சொன்ன நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மருத்துவமனையில் குடலிறக்க அறுவைக்காகப் படுத்திருந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு படகோட்டி, எர்ணாகுளத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். கறுத்து மெலிந்த மனிதர். கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதும் தண்ணீரில் இருப்பவர்போல மெல்ல அசைந்துகொண்டே இருப்பார்.

குடலில் புற்று இருக்குமோ என்று பயந்து வந்தவர். குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று முழுக்க, வெளியே காயல் நீரில் பட்டுத் தெறித்த வெளிச்சம் அலையும் கூரையைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்தியபடி வியர்த்துக் கிடந்தார். உடம்பு கொதித்தது.

“நர்சைக் கூப்பிடட்டுமா?” என்றேன்.

“வேண்டாம் சேட்டா. ஒண்ணுமில்லைன்னு சொல்லியாச்சுல்ல. மறுபடி பார்த்தா வேற எதாவது சொல்லுவாங்க.”

நான் கூப்பிட்டேன். பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. அந்தச் சோதனைக்குப் பிறகு இப்படி வருவது மிக அபூர்வம் என்றார் டாக்டர். அன்றே அறுத்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது என் கட்டிலருகே வந்து நின்றார்.

“உசிரைக் காப்பாத்தினீங்க. ஆனா ஒண்ணுமில்லைன்னு சொன்ன அன்னைக்கு இருந்த சுகம் இப்ப இல்லை, கேட்டோ.”

அவர் நன்றி சொன்னாரா, குறைபட்டாரா என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.