பைப்பு போட மறுத்தவர்

கோவளம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவராம். முழங்கைவரை பழைய தீக்காயம். போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அவசரமோ என்று எனக்குத்தான் பதறியது. கேட்டேன். ஏதாவது கப்பலிலிருந்து வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று பார்க்கிறாராம்.

"கப்பலடியில சேர்ற அழுக்குத் தண்ணிய மிஷின்ல உட்டா, எண்ணெ தனியா மேல வந்துடும். தண்ணி மட்டும் கடலுக்குப் போவும். எண்ணெ கலந்திருந்தா மிஷினே திருப்பி உள்ள அனுப்பிடும். 'அதுக்கு நேரமாவுது, நேரா கடலுக்குப் பைப்பு போடு'ன்னாங்க. மாட்டேன்னேன். எறக்கி உட்டுட்டாங்க. அப்புறம் எந்தக் கப்பல்லயும் கூப்புடல."

"வூட்டுல இன்னா சொன்னாங்கண்ணே?"

"கடலு வந்து சோறு போடுமான்னு பொண்டாட்டி கேட்டா."

"மறுபடி கூப்ட்டு, அதே பைப்ப போடச் சொன்னா?"

"மொதல்ல கூப்புடட்டும்பா," என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

அவரைக் கப்பலுக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றும், கூப்பிட்டிருக்கவே கூடாது என்றும் இன்றும் மாறி மாறி நினைத்துக்கொள்கிறேன்.