கசக்காத வேப்பிலை

சேதுக்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் மூன்றாவது முழுக்குப் போட்டு எழுந்தபோது என் இடது கெண்டைக்காலை எதுவோ சுற்றிப் பிடித்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு இழுத்த மாதிரி எரிந்தது. "ஐயோ ஆத்தா!" என்று கத்திய வாய்க்குள் கடல் தண்ணீர் புகுந்து, இரண்டு மடக்கு உள்ளேயும் போய்விட்டது. ஆடி அமாவாசைக்கு மாமனாருக்குத் திதி கொடுக்க வந்த இடத்தில் எனக்கே திதி வந்துவிட்டது என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரரும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் பரமக்குடிப் பக்கம் நெல்லும் மிளகாயும் போடுகிற ஆட்கள். கடல் எங்களுக்கு வருஷத்தில் ஒரு முழுக்கு, அவ்வளவுதான். வயக்காட்டில் ஒருத்தி இப்படிக் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

"பூச்சி தொட்டிருச்சு மாப்ள," என்றார் அண்ணன்.

பாம்பு என்ற சொல்லைக் கடிபட்டவள் காதில் விழும்படி எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். அவர் சொல்லாமல் விட்டதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அண்ணன் துண்டை முறுக்கி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். வீட்டுக்காரர் குடிக்கக் கொண்டுவந்த நல்ல தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவினார். கழுவக் கழுவ எரிச்சல் கூடியது. நான் துடித்த துடிப்பைப் பார்த்து அவர், "வெசம் ஏறுது மச்சான்!" என்று அலறினார். எனக்கிருந்த கொஞ்ச தைரியமும் அதோடு போனது.

ஆட்டோவில் ஏறுமுன் அண்ணன் ரோட்டோர மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்தார். கடிபட்டவருக்கு வேப்பிலை கசந்தால் விஷம் ஏறவில்லை, கசக்காவிட்டால் ஏறிவிட்டது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வீட்டுக்காரர் ஒரு பிடியை என் வாயில் திணித்தார்.

"மெல்லு புள்ள. கசக்குதா?"

மென்றேன். உப்புக் கரித்ததே தவிரக் கசக்கவில்லை. இன்னும் மென்றேன். வைக்கோலைத் தின்கிற மாடுதான் நான்.

"கசக்குதான்னு கேக்குறேன்ல!"

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொன்னால் மட்டும் பிழைத்துவிடுவேனா? "இல்லங்க," என்றேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்ன வயதில் எங்கள் களத்துமேட்டில் ஒருவர் வேப்பிலையை மென்று, இனிக்குதே என்று சொல்லிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. சாகப் பயமா என்றால், ஆமாம், பயம்தான். இதில் என்ன வெட்கம்?

ஆஸ்பத்திரி நர்ஸம்மா முதல் வேலையாகத் துண்டை அவிழ்த்து எறிந்தார்.

"பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொறி பட்டிருக்கு."

வழவழவென்று கடலில் மிதக்குமே ஜெல்லி மீன், அதைத்தான் இங்கே சொறி என்கிறார்கள். காலில் நூல் நூலாக ஒட்டியிருந்ததை இடுக்கியால் எடுத்தார். கடல் தண்ணீரால் கழுவாமல் நல்ல தண்ணீரை ஊற்றியதற்கு வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்தார். பிறகு சூடு தாங்குகிற வெந்நீரில் என் காலை முக்கி வைத்தார். "மூச்சு முட்டுனா உடனே சொல்லுங்க. கொஞ்ச நேரம் இங்கனயே இருக்கணும்," என்றார். வலி மெதுவாக இறங்கியது. பயம் இறங்கவில்லை.

"அப்ப ஏன் வேப்பிலை கசக்கல?" என்று கேட்டேன்.

"உப்புத்தண்ணிய முழுங்கிப்புட்டு, பயத்துல வாயும் வறண்டா எதுதான் கசக்கும்?"

மூலையில் நின்ற வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எனக்குந்தேன் கசக்கல புள்ள. நீ இல்லன்னதும் நானும் ஒரு பிடி மென்னு பாத்தேன். சரி, ரெண்டு பேருமாப் போறோம்னு நெனச்சுக்கிட்டேன்."

நர்ஸம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே வாங்க என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.