எள்ளளவும் ஆகாது

ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைவது அவர் தொழில். பேச்சுப் பழகிவரும் மகளைக் 'கடுகு' என்றே அழைப்பார். எள் தூவிய ரொட்டித் துண்டைத் தின்ற மாலையில் கடுகின் உதடு தடித்தது, மூச்சு இழுத்தது. ஊசியிட்டு மீட்ட மருத்துவர், "குழந்தைக்கு எள்ளு ஆகாது. இனி எள்ளளவும் வாயில படக்கூடாது" என்றார்.

அன்றுமுதல் தந்தை, கையில் ஒட்டிய எள் வீடு வராதபடி, கூடத்துக் குழாயடியிலேயே முழங்கைவரை கழுவி, சட்டையும் மாற்றிய பின்னரே வீடு திரும்பினார். ஆயினும் மகளின் கழுத்தில் தடிப்பு எழுவதும் இருமல் இழுப்பதும் நின்றபாடில்லை. எங்கே வழுவினோம் என்று விளங்காமல் தவித்தார். எள்ளும் விதைதானே, ஏனைய விதைகளும் பகையோ என்னும் ஐயம் புகுந்தது. தக்காளியின் விதையை வழித்தெறிந்தார், வெள்ளரியைக் குடைந்தார். ஒரு காலை வாழைப்பழத்தைப் பிளந்து, நடுவிலிருந்த கரும்புள்ளிகளை ஊசிமுனையால் எடுக்கலானார்.

"என்னங்க, பழத்துக்குப் பேன் பாக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"விதைடி அது."

"விதையே ஆகாதுன்னா, வீட்டுல ஒரு கடுகு ஓடுதே, அதை எங்க அனுப்புறது?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தால் மூச்சு திரும்புமோ என்பதே நெஞ்சில் நின்றது.

நண்பகலில் மகளின் சோற்றில் மனைவி எண்ணெய் ஊற்றினாள். நோயுற்ற உடம்பு தேறட்டும் என்று கரண்டியளவைக் கூட்டியிருந்தாள்.

"என்ன எண்ணெய் அது?"

"நல்லெண்ணெய்தான். பிள்ளைக்கு நல்லதாச்சே."

அது எதை ஆட்டி எடுப்பது என்பதை இருவரும் அறிவர். 'நல்ல' என்னும் அடைமொழி முன்னே நின்று எள்ளை மறைத்துவிட்டது.

"எள்ளுலதானே ஆட்டுறாங்க?" என்றார் மெல்ல.

அவள் கை நின்றது. "ஆமா. ஆனா இதுல விதை எங்க இருக்கு?"

"தெரியல. தட்டை எடு."

மாலையில் மருத்துவரிடம் போய்க் கேட்டார்கள். "அதுவும் எள்ளுதான், நிறுத்துங்க" என்ற மருத்துவர், "எண்ணெய்ங்கிற சொல்லே எள்ளு நெய்தானே" என்று சிரித்தபடி சொல்லிவைத்தார்.

தடிப்பு அடங்கியது. தந்தையின் குழப்பம் அடங்கவில்லை. மனைவி தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தபோது கையைப் பிடித்தார்.

"இரு. அதுலயும் எள்ளு இருக்கு."

"தேங்காயிலயா?"

"பேர்ல இருக்கு."

நகைப்பதா அஞ்சுவதா என்றறியாமல் அவள் புட்டியோடு நின்றாள். அவரும் அறியார்.

"அப்பா, சோறு" என்றது கடுகு.

அந்த எண்ணெயை விட்டுப் பிசைந்த முதற்கவளத்தைத் தம் வாயிலிட்டு, தடிக்கிறதா என்று உதட்டைத் தடவியபடி காத்திருந்தார். தமக்கு எள் ஒத்துக்கொள்ளும் என்பது அதன் பிறகே நினைவுக்கு வந்தது.