இந்த வருமானத்துக்கு உரியவர்

அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'இந்த வருமானத்துக்கு உரியவன் நானே, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுகிறேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம். ஏழு வருடத்துக்கு முன் அம்பாசமுத்திரத்தில் என் ஜெராக்ஸ் கடையில் வைத்து அதில் டிக் போட்டேன். வருமானம் என் அக்காவுடையது. தாலுகா ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு நிரப்பிக் கொடுக்கிறவன் நான். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் எங்கே போய் மாட்டும் என்று அடுத்தவருக்குப் பாடம் வேறு நடத்துவேன்.

அக்கா அப்போது புருஷன் வீட்டை விட்டு மூன்று வயது மகளோடு கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். என் கடைக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளுக்காக அவள் வரைந்த கிளி, வாழைப்பூ, கொடி எல்லாவற்றையும் ஒரு வெளிநாட்டு இணையச் சந்தையில் ஏற்றினோம். ஒரு தடவை வரைந்து போட்டால் போதும், வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். முதல் பணம் சேர்ந்ததும், அந்த வரிப் படிவத்தை நிரப்பித் தந்தால்தான் அனுப்புவோம் என்று தகவல் வந்தது. அவளுடைய பான் கார்டைக் கேட்டேன். "என் பேரு வேண்டாம்லே. என் கணக்குல பணம் ஏறுதுன்னு தெரிஞ்சா அவரு மறுநாளே வாசல்ல வந்து நிப்பாரு. ஒன் பேரப் போடு. ஒன் பேரு என்ன, என் பேரு என்ன" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெண்பிள்ளை சம்பாத்தியத்தைக் கூடப்பிறந்தவன் பெயரில் ஒளித்துவைப்பது எங்கள் பக்கம் புதுசு இல்லை. பணம் என் கணக்கில் விழுந்த அன்று சாயங்காலமே எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு ரூபாய் தொட்டதில்லை. இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தொட்டது வேறு. வருடா வருடம் அதை என் வருமானமாகக் காட்டி வரி கட்டியதால், வங்கிக்காரர்கள் என்னைப் பெரிய ஆளாக நினைத்து வீட்டுக்கடன் கொடுத்தார்கள். வெறும் ஜெராக்ஸ் கடையை நம்பி எவன் கொடுப்பான்? புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வாசலில் கோலம் போட்டது அக்காதான்.

மகளுக்கு எட்டு வயதானபோது, பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லி அத்தான் திருநெல்வேலியில் கேஸ் போட்டார். எங்கள் வக்கீல் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கடிதம். படங்களும் பணமும் அக்காவுடையவை என்று நான் எழுதித் தர வேண்டும். எழுதினால் இத்தனை வருடம் வரியில் காட்டியது பொய் என்றாகும், கடனும் சிக்கலாகும். "ரெண்டு நாள் பொறுங்க சார்" என்றேன். இரண்டு நாள் இரண்டு மாதமானது. என் கடன் விஷயம் தெரிந்த அக்கா ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்கவில்லை.

விசாரணையன்று அத்தானின் வக்கீல் அவளிடம், "வருமானம் ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"டிசைன் போடுதேன் சார். மாசாமாசம் பணம் வருது."

"அதுக்கு ஒரு பேப்பர் காட்டுங்க."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பின் பெஞ்சில் இருந்த நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை. "பேப்பர் இல்ல சார்" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது.

பிள்ளை தகப்பனோடு போனது. தீர்ப்பில் வேறு காரணங்களும் சொன்னார்கள், ஆனால் என் காதில் விழுந்தது வருமானம் இல்லை என்ற ஒன்றுதான். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா தென்காசிக்கு பஸ் ஏறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருகிறாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கோடு வரையவில்லை. பழைய கிளிகள் மட்டும் எங்கேயோ விற்றுக்கொண்டே இருக்கின்றன.

சில வருடத்துக்கு ஒருமுறை அந்தப் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். போன வாரம் மறுபடி வந்தது. அக்காவுக்குப் போன் போட்டு, "இந்தத் தடவ ஒன் பேர்ல மாத்திருதேன்க்கா. லோன் என்ன ஆனாலும் பாத்துக்கிடலாம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"ஒன் பேர்லயே கெடக்கட்டும்லே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இனி அத நான் யாருட்ட காட்டணும்?"

போனை வைத்துவிட்டு அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் தவணை. டிக் போட்டேன்.