உலையில் விளைந்த நிலா மண்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை உலையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் பாட்டில் செய்யும் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். அதை இழுத்து மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் கடையிலும் கிடங்கிலும் ஒதுங்கிக்கொண்டார்கள். அவளுக்கு அந்த வெக்கையை விட மனம் வரவில்லை. கல்லூரி ஒன்றின் பின்கட்டில் உலை பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் போய் நின்றாள்.

வேலைக்கு எடுத்தவர் கற்களைப் பற்றிப் படித்த ஒரு பேராசிரியை.

"இங்க என்னம்மா காய்ச்சுறீங்க?"

"நிலா மண்ணு."

வேடிக்கை பேசுகிறார் என்று இவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

நிலவுக்கு அனுப்பப்போகும் வண்டியை முதலில் இங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அங்கே உள்ளதுபோன்ற மண் வேண்டும். பூமிக் கல்லை அரைத்தால் சரியாக வராது. அதில் சோடியம் கூடுதல், ஈரமும் உண்டு. நிலவின் கல்லில் பேருக்குக்கூட ஈரம் கிடையாது. "இங்கேருந்து பாக்குறப்ப வெள்ளையாத் தெரியுதே, அதுல முக்காவாசி ஒரே கனிமம்தான். அதத்தான் நாம செய்யப்போறோம்" என்றார் பேராசிரியை.

சுண்ணாம்புத் தூள், அலுமினாத் தூள், மாவாக அரைத்த மணல். மூன்றையும் கலந்து பிளாட்டினக் கிண்ணத்தில் போட்டு, கண் கூசும்வரை காய்ச்சி ஊற்றினாள். பளிங்குபோல ஒரு கட்டி வந்தது. பேராசிரியை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது வெறும் கண்ணாடிக்கா. கல்லா மாறல."

"இத்தன வருஷம் கண்ணாடியோட குடும்பம் நடத்தினவ கையில வேற என்னம்மா வரும்?"

அந்தக் கண்ணாடியை மறுபடி உலையில் வைத்து, உருகாத சூட்டில் நிறுத்தி, மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். எத்தனையோ முறை கெட்டது. ஒருநாள் கிண்ணத்தைக் கவிழ்த்தால் கற்கண்டுபோல வெள்ளையாக உதிர்ந்தது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த பேராசிரியை கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். உலையக்கா ஒரு துண்டை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நடுப்பகல். வானத்தின் ஓரத்தில் வெளுத்த பாதி நிலா இருந்தது. கையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். அங்கே உள்ள ஒரே ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்துவிட மாட்டோமா என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் பஸ் ஓட்டும் கணவன் கேலி செய்தான். "அடுப்புல சாதம் குழைஞ்சு போச்சு. நீ நிலாவப் பதமா காய்ச்சிட்டு வர்றியாக்கும்?"

கல்லை அரைக்கும் அறையில்தான் வினை இருந்தது. அரவை இயந்திரம் ஓடும்போது பாடுவது அவள் வழக்கம். முகமூடி போட்டால் பாட வராது. அதனால் கழற்றித் தாடையில் மாட்டிக்கொள்வாள். பேராசிரியை அதட்டும்போது மட்டும் மேலே ஏறும். இருமல் வந்து, போகாமல் தங்கிவிட்ட பிறகு மருத்துவரிடம் போனாள்.

"நுரையீரல்ல தழும்பு இருக்கும்மா. பழைய கண்ணாடி வேலையில வந்ததா, இப்ப வந்ததான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே தூசிப் பக்கமே போகக்கூடாது."

"நான் நிலாவுக்குப் போகலன்னு அதுவே உள்ள வந்துடுச்சு போல" என்றாள். அவர் சிரிக்கவில்லை, அவளாலும் முழுசாகச் சிரிக்க முடியவில்லை, மூச்சு பிடித்துக்கொண்டது.

பேராசிரியைதான் அழுதார். "நான் இன்னும் கண்டிப்பா இருந்திருக்கணும்க்கா."

"நீங்க தொண்ட வத்தக் கத்தினீங்க. கேக்காதவ நான்."

அவளைச் சுவரொட்டி இருந்த பக்கத்துக் கட்டடத்தில் பொருட்கிடங்குக்கு மாற்றினார்கள். மின்விசிறி, மேசை, நாற்காலி. எல்லோரும் நல்ல வேலை என்றார்கள். அவளுக்கு உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் உலையின் ரீங்காரம் கேட்கும். சாயங்காலம் கூட்டிப்போக வரும் கணவன், அவள் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்பதைப் பார்த்தான்.

"அங்க என்னத்த வச்சுட்டு வந்த? தினமும் இப்படியே நிக்கிற?"

"சூடு வருதான்னு பாத்தேன்."

"வருதா?"

"இல்ல."

அவன் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு அவளையும் அழைத்தார்கள், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மட்டும். பெரிய தொட்டி நிறையச் சாம்பல் நிற மண். காற்றுப் புகாமல் காய்ச்சிய கருங்கனிமங்களோடு அவளுடைய வெள்ளையும் அதில் கலந்திருந்தது. சக்கரம் இறங்கியது, கொஞ்சம் புதைந்தது, திணறி ஏறி நகர்ந்தது. பின்னால் விழுந்த தடம் சரியாமல் அப்படியே நின்றது. உள்ளே தலைமுதல் கால்வரை மூடிய உடையில் இருந்த பேராசிரியை அவளைப் பார்த்துக் கையசைத்தார். ஒலிபெருக்கியில் குரல் வந்தது: "எப்படிக்கா இருக்கு?"

அவள் தடுப்பின் இந்தப் பக்கம் இருந்த பேசும் பொத்தானை அழுத்தினாள். "கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்கம்மா. கண்ணாரப் பாத்துக்கறேன்."

மெதுவாக ஓட்டினார்கள். முடிந்ததும் அடுத்த சோதனைக்காக மட்டப்பலகையால் மண்ணைச் சமமாக்கினார்கள். தடம் முழுவதும் மறையும்வரை அவள் நகரவில்லை.

வண்டி இன்னும் நிலவுக்குப் போகவில்லை. வருஷம் தள்ளிக்கொண்டே போகிறது. உலைக்குப் புது ஆள் வந்துவிட்டான்; முகமூடியைக் கழற்றாத ஆள். சுண்ணாம்புத் தூள் தீர்ந்தால் கிடங்குக்கு வருவான். அவள் மூட்டையை எடுத்துவைத்துவிட்டு உடனே விடமாட்டாள்.

"உள்ள எப்படி இருக்கு இன்னிக்கு?"

"அத ஏன்க்கா கேக்குறீங்க, அனல் அடிக்குது. கிட்டவே நிக்க முடியல."

வேர்த்து வழியும் அவன் முகத்தை அவள் ஏக்கத்தோடு பார்த்தாள்.

"குடுத்து வச்சவன்யா நீ" என்றாள்.