தலையும் நனைய வேண்டும்

அன்று அந்தச் சின்னக் கூழாங்கல் கடற்கரையில் இருந்தவர்கள்: நான், மனைவி, மகள், குடை வாடகைக்கு விடும் ஒரு கிழவர், இரண்டு பூனைகள். போன உடனேயே எண்ணி வைத்துக்கொண்டேன். எங்கே போனாலும் என் முதல் வேலை அதுதான், பையைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவர் யாரென்று பார்ப்பது. கிழவருக்கு முழங்கால் வருத்தம். பூனைகள்மீதுதான் கொஞ்சம் சந்தேகம். எங்களிடம் பொரித்த மீன் இருந்தது.

இது இன்று நினைவுக்கு வரக் காரணம் லண்டனில் எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டு வாஷிங் மெஷின். காலையில் அது கடகடவென்று சத்தம் போட, மோட்டர் போய்விட்டது என்று பதறி நிறுத்தினேன். பார்த்தால், கால்சட்டைப் பொக்கற்றுக்குள் அங்கிருந்து வந்த ஒரு வெள்ளைக் கல்.

அந்தக் கரையை நான் முதலில் பார்த்தது நாற்பது வருடத்துக்கு முன்னர், ஒரு கிரேக்கக் கப்பலின் குசினி ஜன்னலால். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அங்கே கிழங்கு உரிக்கிற வேலை. எஞ்சின் பழுதாகி அந்தத் தீவுக்கு எதிரே பதினொரு நாள் நங்கூரம் போட்டு நின்றோம். கிரேக்கர்கள் படகில் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். மற்ற நாட்டுக்காரரான எங்களுக்கு இறங்க அனுமதி இல்லை. பாஸ்போர்ட் கப்டனின் பெட்டிக்குள். இன்றைக்கும் எங்கேயாவது வெங்காயம் வதங்கினால் எனக்கு அந்த வெள்ளைக் கரை தெரியும்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையல்காரர் ஸ்டாவ்ரோஸ் கிரேக்கக் காசில் பந்தயம் கட்டினார். ஒரு நாள் நான் அங்கே குளிப்பேன் என்று அவர். ஒருநாளும் நடக்காது என்று நான். நூறு திராக்மா. கால் மட்டும் நனைந்தால் செல்லாது, தலையும் நனைய வேண்டும் என்று சைகையால் காட்டினார். எனக்கு எதிராக நானே காசு கட்டிய ஆள் நான்.

பிறகு லண்டன் வந்து, ஹீத்ரோ விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் ஊராரின் பெட்டிகளை ஏற்றினேன். தீவின் பெயரை மட்டும் மறக்கவில்லை. மகள் அதைத் தேடிப்பிடித்து டிக்கெட் எடுத்தாள். இந்தமுறை என் பெட்டியை வேறொருவன் ஏற்றினான். விமான ஜன்னலால் பார்த்தேன், மெதுவாகத்தான் வைத்தான்.

கரையில் முக்கால் மணித்தியாலம் சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தேன். இடுப்புப் பைக்குள் மூன்று பாஸ்போர்ட்.

"அப்பா, பையைத் தாங்கோ. நான் வச்சிருக்கிறன்."

"நீயும் தண்ணிக்குள்ள இறங்குவாய்."

"இறங்கமாட்டன்."

மனைவி கிழவரைக் காட்டினாள். "அந்த மனுசன் குடை விரிக்கவே ஏலாமல் நிக்குது. உங்கட பாஸ்போர்ட்டோட ஓடப்போகுதே? கப்பல்ல போனவர் எண்டு சொல்லித்தான் உங்களை எனக்குக் கலியாணம் பேசினவை. கணுக்காலுக்கு மேல நனைஞ்சதை இன்னும் நான் காணேல்ல."

கொடுத்தேன். மூன்றும் இருக்கிறதா என்று மகளைக்கொண்டு எண்ணுவித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கல் உள்ளங்காலைக் குத்த, நடை பழகும் பிள்ளை மாதிரித் தள்ளாடிப் போனேன். மூக்கைப் பொத்தினேன். முழுத் தலையும் உள்ளே.

எழும்பிக் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது மனைவி கை தட்டிக்கொண்டு நின்றாள். மகள் தட்டவில்லை. இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். என் பிள்ளை.

அந்தக் கப்பலை எப்போதோ உடைத்து இரும்பாக்கிவிட்டார்களாம். ஸ்டாவ்ரோஸின் ஊரை நான் கேட்டு வைக்கவில்லை. யூரோ வந்து திராக்மாவும் போய்விட்டது, கிழவரிடம் ஒன்றாவது இருக்குமா என்று கேட்டதற்குச் சிரித்தார். ஒருவருக்கு ஐந்து சதம் பாக்கி இருந்தாலும் எனக்கு நித்திரை வராது. இந்த ஒரு பாக்கியை மட்டும் யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஸ்டாவ்ரோஸுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நூறு திராக்மா.